அப்பா வரப்பில் நடப்பதை நிறுத்திய மாதம்

அப்பா முதல் தடவை விழுந்தது 2024 புரட்டாசியில். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த சமயம். மேலுரம் போட யூரியாக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வரப்பில் போனவர், மடைக்கு இரண்டு எட்டு முன்னால் அப்படியே வயலுக்குள் சாய்ந்துவிட்டார். சேறுதானே, அடி ஒன்றும் இல்லை. கூடை யூரியாவும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டதே, அந்த வட்டம் மட்டும் கருகிவிடுமே என்பதுதான் அன்று இரவு முழுக்க அவர் கவலை. நாங்கள் பழியை நண்டு வளை மேல் போட்டோம். எங்கள் பக்கத்து வரப்புகளை நண்டு துளைத்துச் சல்லடையாக்கி வைத்திருக்கும். யாருக்கும் கால் இடறும்.

இரண்டாவது தடவை டீக்கடைப் படியில். பழி, நான் வாங்கிக் கொடுத்த புதுச் செருப்பு மேல்.

மூன்றாவது தடவை கார்த்திகையில், இரவு இரண்டரை மணிக்கு, கொல்லையில். கழிவறைக்குப் போகும் வழியில் துவைகல்லில் நெற்றி மோதிவிட்டது. அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு விளக்கும் எரிந்தது. செருப்பு இல்லை, நண்டு வளை இல்லை, மழை விட்டு நான்கு நாள் ஆகித் தரை காய்ந்து கிடந்தது. பழிபோட எதுவும் மிச்சம் இல்லை.

வெட்டாற்றங்கரையில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அப்பாவுக்கு அப்போது 71 வயது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2022இல், காலில் வீக்கம் என்று காட்டப்போன இடத்தில் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு ‘சிரோசிஸ்’ என்றார்கள். கல்லீரல் சுருங்கித் தழும்பேறிவிட்டது என்று பொருள். அப்பா வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவர் இல்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. அதோடு கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு. அதுவே மெல்ல மெல்ல ஈரலைக் கெடுத்திருக்கிறது. இதை நான் எத்தனை பேரிடம் விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ‘ஈரல் கெட்டுப்போச்சு’ என்றாலே, எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு பாட்டில் வந்து நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அந்த மனிதர் சாயங்காலத்தில் தள்ளாடிக்கொண்டு வேறு நடந்தால்?

பேசினார்கள். என் காதுபடவே பேசினார்கள். “வாத்தியாரம்மா அப்பா இந்த வயதில் ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறதே” என்று ஒருவர், என் மாணவனின் தகப்பனார், கேட்டார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்தால், அவர்கள் கண்ணுக்காவது தெரிந்திருக்கிறது; எங்களுக்குத்தான் தெரியவில்லை. முதல் விழுகைக்குப் பிறகு அப்பா வயலுக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டார். வீட்டிலிருந்து வரப்பு வழியே போனால் ஏழு நிமிடம். ரோட்டைச் சுற்றிப் போனால் இருபது. ஐம்பத்தைந்து வருடமாக வரப்பில் போனவர், தலையில் நாற்றுக்கட்டோடு ஓடியவர், ரோட்டு வழியே போக ஆரம்பித்தார். “வரப்பு வெட்டவில்லை, புல் மண்டிக் கிடக்கிறது” என்றார். நான் சரி என்றேன். கணக்கு வாத்தியாருக்கு ஏழுக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம் உறைக்கவில்லை.

இரவில் தூங்குவதில்லை, பகலில் திண்ணையில் சாய்ந்தால் எழுப்ப முடியாது. அதையும் நாங்கள் மும்முனை மின்சாரத்தின் கணக்கில் எழுதினோம். பம்புசெட் வைத்திருக்கும் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு ஆள் விழித்திருப்பது ஓர் அதிசயமா? கரண்டு வந்ததா என்று பார்க்க எழுந்திருப்பார் என்று நினைத்தோம். நெல் கணக்கு எழுதும் நோட்டில் கையெழுத்து கீழ்நோக்கிச் சரிந்துகொண்டே போயிருக்கிறது. பின்னால் எடுத்துப் பார்த்தபோது ஆடி மாதத்திலிருந்தே அந்தச் சரிவு தெரிகிறது. கூலிக் கணக்கில் ஒரே ஆளின் பெயர் இரண்டு தடவை. மாணவர்களின் நோட்டில் இப்படி இருந்திருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேல் நாங்களே செய்த ஒரு தவறு உண்டு. தூக்கம் வரவில்லை என்று சொன்னதும், பக்கத்து ஊரில் ஓரிடத்தில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். யாரும் சீட்டுக் கேட்கவில்லை, ஈரல் எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கொல்லையில் விழுந்தது அந்த மாத்திரை போட்ட நான்காவது இரவு. ஈரல் நோய் இருப்பவர்களுக்கு அந்த வகை மாத்திரை ஏற்கெனவே மந்தமாக இருக்கும் மூளையை இன்னும் அமுக்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நெற்றியில் ஆறு தையல். அதைவிடத் தஞ்சாவூரில் நாங்கள் காட்டிய மருத்துவர் பயந்தது தலைக்குள் ரத்தம் கசிந்திருக்குமோ என்றுதான். அப்பாவின் ரத்தத் தட்டணுக்கள் 58,000 இருந்தன. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஈரல் இறுகினால் அதற்குள் போகும் ரத்தம் முட்டிக்கொண்டு மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களையும் ஈரல்தான் செய்கிறது, அதிலும் குறை. எலும்பும் இந்த நோயில் வலுவிழக்கிறது. ஆக, மற்றவர்கள் விழுந்தால் சிராய்ப்போடு போவது, இவர்களுக்கு இடுப்பெலும்பிலோ மண்டைக்குள்ளோ போய் முடியலாம். சி.டி. ஸ்கேனில் நல்லவேளையாக ஒன்றும் இல்லை. “தலையில் அடிபட்ட பிறகு குழப்பமாகப் பேசினால், ஈரலால்தான் இப்படி என்று நீங்களாக முடிவு செய்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், கசிவாகவும் இருக்கலாம்” என்று இரண்டு தடவை சொன்னார்.

அதன் பிறகு அவர் அப்பாவின் கால்களைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதில் 1 முதல் 25 வரை எண்கள் வட்டங்களுக்குள் சிதறிக் கிடந்தன. வரிசையாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும், நேரம் பார்ப்பார்கள். எனக்கும் ஒரு தாள் தந்தார், 28 நொடி. அப்பா 11 வரை போய், 12 கண்ணெதிரே இருக்க, பேனாவைக் காற்றில் பிடித்துக்கொண்டு தேடினார். அவர் பேனா நுனியிலிருந்து ஓர் அங்குலத்தில் இருந்தது அந்த 12. சொல்லிவிடலாமா என்று எனக்கு வாய் துடித்தது. தேர்வு அறையில் இருபத்தொரு வருடம் மேற்பார்வை பார்த்தவள், அன்று காப்பியடிக்க விட்டிருப்பேன். முடித்தபோது இரண்டு நிமிடம் பத்து நொடி.

அடுத்து, “ஐயா, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்ல முடியுமோ சொல்லுங்கள்” என்றார். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல், “மாடு, ஆடு, நாய், பூனை” என்று தொடங்கினார். அப்புறம் “செவலை, மயிலை” என்றார். எங்களிடம் நான் சிறுமியாக இருந்தபோது இருந்த உழவு மாடுகள். மருத்துவர் சிரித்தார், கணக்கில் சேர்க்கவில்லை. “நரி... குரங்கு...” பிறகு நீண்ட இடைவெளி. “மாடு” என்றார் மறுபடியும். மொத்தம் ஆறு. பத்துக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

கைகளை முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, ‘நில்’ என்று சொல்வதுபோல் பிடிக்கச் சொன்னார். சில நொடிகளில் விரல்கள் திடீரெனத் தொங்கி மறுபடி எழுந்தன, கொடியில் காயும் துணி காற்றில் அசைவது மாதிரி. கடைசியாக நிற்கச் சொன்னார். பாதங்களைச் சேர்த்து வைத்துப் பத்து நொடி. ஒரு பாதத்தைப் பாதி முன்னால் தள்ளிப் பத்து நொடி. பிறகு ஒரு குதிகாலுக்கு முன்னால் மற்றொரு பாதம், ஒரே கோட்டில். “வரப்பில் நிற்பது மாதிரி நில்லுங்கள் ஐயா” என்றார். அவர் விவசாயி என்பது சீட்டில் இருந்தது; இயல்பாகத்தான் சொன்னார். அப்பா மூன்று நொடி நின்றார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

மருத்துவர் விளக்கியது எனக்குப் புரிந்ததைவிட அப்பாவுக்கு நன்றாகப் புரிந்தது, காரணம் யூரியா. நாம் சாப்பிடும் புரதத்தைக் குடலில் உள்ள கிருமிகள் உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. அது நஞ்சு. அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அனுப்புவது ஈரலின் வேலை. ஈரல் தழும்பேறினால் வேலையும் நடப்பதில்லை. போதாததற்கு ரத்தம் ஈரலுக்குள் நுழைய முடியாமல் சந்து வழியில் சுற்றிக்கொண்டு, சுத்தமாகாமலே மூளைக்குப் போய்விடுகிறது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “வயலில் யூரியா போட்டால் அம்மோனியாவாகிக் காற்றில் போகும், அதனால்தான் வெயிலில் போடக் கூடாது என்பார்கள். இங்கே தலைகீழாக நடக்க வேண்டியது நடக்கவில்லை, அப்படித்தானே?” என்று கேட்டார். அப்படித்தான். 45 கிலோ மூட்டை மூட்டையாக யூரியா போட்டவரின் உடம்புக்கு அதைச் செய்யத் தெரியாமல் போய்விட்டது.

மூளைக்குள் போன அம்மோனியாவை, நரம்பணுக்களைப் பேணும் நட்சத்திர வடிவ அணுக்கள் உள்ளே வாங்கி வேறு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள் நீரை இழுக்கிறது, அணுக்கள் ஊறிப்போகின்றன. பித்தத்தோடு வெளியேற வேண்டிய மாங்கனீசும் வெளியேறாமல், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதியில் போய்ப் படிகிறது. ஆள் பேசுவார், கணக்குக் கேட்பார், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவார். ஆனால் கால் இடறியதும் மறுகாலை எடுத்து ஊன்றும் அந்த அரைக்கணம் தாமதமாகிவிடும். பின்னால் தேடிப் படித்தபோது, வெளிக்கு ஒன்றும் தெரியாமல் சோதனைத் தாளில் மட்டும் பிடிபடும் நிலையில் உள்ளவர்கள்கூட, மற்ற சிரோசிஸ் நோயாளிகளைவிட அதிகம் விழுகிறார்கள் என்று பார்சிலோனா மருத்துவர்கள் 2011இலேயே எழுதியிருப்பதைப் பார்த்தேன். அப்பா அந்த நிலையைத் தாண்டி அடுத்த படிக்கு வந்திருந்தார். புரட்டாசியில் அவர் வயலில் சாய்ந்தபோதே மூளை சொல்லிவிட்டது. நாங்கள் நண்டைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

ரத்தத்தில் அம்மோனியா எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள், எண் இருந்தால் எனக்கு நிம்மதி என்றேன். அந்த எண்ணை மட்டும் நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது, ஆளைப் பாருங்கள் என்றார்.

மருந்து, ஒரு பாகு. லாக்டுலோஸ். தித்திப்பென்றால் அப்படி ஒரு தித்திப்பு. குடலைப் புளிக்கவைத்து, அம்மோனியா ரத்தத்துக்குள் ஏறாமல் அங்கேயே கட்டிப்போட்டு, மலத்தோடு வெளியேற்றுகிறது. நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். அதற்குத் தக்கபடி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூடவே குடல் கிருமிகளுக்கு ரிஃபாக்சிமின் மாத்திரை. மலச்சிக்கல், காய்ச்சல், கறுப்பாக மலம் போவது, வாந்தி பேதியால் நீர் வற்றுவது இவற்றில் எது வந்தாலும் மூளை மறுபடி மங்கும் என்று சொல்லி அனுப்பினார்.

இங்கேதான் ஒரு முடிச்சு, இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. விழாமல் இருக்க மருந்து. மருந்தால் கழிவறைக்கு ஓட்டம். கழிவறை கொல்லைக் கடைசியில். போகும் வழியில்தான் விழுகிறார். வயிற்றில் சேரும் நீரை இறக்கக் கொடுத்த மாத்திரையோ இரவில் சிறுநீருக்கு எழுப்புகிறது. நான் ஒரு நாள் நாடாவை வைத்து அளந்தேன். கட்டிலிலிருந்து கழிவறைக்கு 31 அடி, இரண்டு நிலைப்படி, ஒரு துவைகல், தாத்தா காலத்துக் கிணற்று மேடை. முதல் வேலையாகத் துவைகல்லை நகர்த்தினோம், நான்கு பேர் வேண்டியிருந்தது. அம்மா, “என்னங்க, உங்கள் மாமியார் வீட்டுச் சீதனம் போகிறது” என்றார். மருத்துவரிடம் கேட்டு நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். பாகின் கடைசி வேளையை மாலை ஆறுக்கு முன்னால் தள்ளினோம். படுக்கை அறையை ஒட்டி ஒரு கழிவறை கட்டிக்கொண்டிருக்கிறோம். கொத்தனார் அறுவடை முடியட்டும் என்று சொல்லிப் போயிருக்கிறார். அதுவரை சுவரில் கைப்பிடிக் குழாயும், இரவெல்லாம் எரியும் ஒரு விளக்கும். வேட்டி தடுக்குகிறது என்று இரவில் மட்டும் அரைக்கால் சட்டை. அதற்கு அவரைச் சம்மதிக்கவைக்க ஒரு மாதம் ஆனது.

2025 வைகாசியில் மன்னார்குடியில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் அடிக்கடி எழுந்து ஓட வேண்டுமே என்று வெட்கப்பட்டு, எங்களுக்குத் தெரியாமல் இரண்டு நாள் பாகைக் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் காலை சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என் தங்கையை என் அத்தை பெயரில் கூப்பிட்டார். அத்தை இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. மருத்துவமனையில் வயிறு சுத்தமான அன்று மாலையே, “எதற்கு என்னை இங்கே வைத்திருக்கிறீர்கள்?” என்று தெளிவாகச் சண்டை போட்டார். அந்தச் சண்டையைக் கேட்டு அம்மா அழுதுவிட்டார்.

சாப்பாட்டில் நாங்கள் பட்டது தனிக் கதை. பருப்பு ஆகாது, முட்டை ஆகாது, புரதம்தானே அம்மோனியா ஆகிறது என்று ஊரே வைத்தியர். இரண்டு வருடமாகக் கஞ்சியும் கீழாநெல்லியுமாக ஓட்டியதில் தொடைச் சதை உருகி, வேட்டிக்குள் இரண்டு மூங்கில் கழிகள். கடைசியில் பார்த்தால், ஈரல் விட்ட வேலையில் ஒரு பங்கை எடுத்துச் செய்வது தசைதானாம். அதுவும் அம்மோனியாவை வாங்கிச் செலவழிக்கிறது. தசையைப் பட்டினி போட்டால் மூளைக்கும் கேடு, நடைக்கும் கேடு. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றார் உணவு ஆலோசகர். 58 கிலோ அப்பாவுக்கு 70 கிராமாவது. முளைகட்டிய பாசிப்பயறு, உளுந்தங்களி, தயிர், முட்டை என்று அம்மா இறங்கிவிட்டார். இரவு முழுக்க வெறும் வயிறாக இருந்தால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும் என்பதால், படுக்கும்முன் இரண்டு இட்லியும் பருப்புப் பொடியும், ஒரு தம்ளர் பாலும். உப்பு மட்டும் குறைவு. நார்த்தங்காய் ஊறுகாயை ஒளித்து வைத்திருக்கிறோம், இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சந்தேகம்.

தினமும் காலையில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். தொடக்கத்தில் 24 நொடி. இப்போது 15. டி.வி.எஸ். 50 வண்டியின் சாவி என் கைப்பையில் இருக்கிறது. அதைப் பற்றி அவர் என்னோடு இன்னும் சுமுகமாகப் பேசுவதில்லை. ரோட்டில் ஓர் ஆடு குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்க வேண்டிய அந்த அரைக்கணம் அவரிடம் இல்லை என்பதை எப்படிச் சொன்னாலும் அது அவமானமாகத்தான் போய்ச் சேர்கிறது. வயலுக்கு இப்போதும் ரோட்டு வழிதான், கைத்தடியோடு. வாய்க்கால் மதகு மேல் உட்கார்ந்துகொண்டு வேலை ஆட்களுக்கு வழி சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் திண்ணையில் கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து மிருகங்களின் பெயரைக் கேட்பேன். 9, 12, 14 என்று ஏறியது. போன மாதம் 19 வந்தபோது எனக்குச் சந்தேகம். அதற்கு முந்தைய வாரத்துத் தாளைப் பார்த்தால் அதே பெயர்கள், அதே வரிசை. மனப்பாடம் செய்திருக்கிறார்! எட்டாம் வகுப்பில்கூட இவ்வளவு துணிச்சலாக யாரும் என்னை ஏமாற்றியதில்லை. கேள்வித்தாளை மாற்றிவிட்டேன்.

“இன்று பறவைகள்” என்றேன்.

முறைத்தார். “கொக்கு, மடையான், நாரை, நீர்க்காகம்” என்று தொடங்கினார். கண் வெட்டாற்றுப் பக்கம் போயிற்று. “மீன்கொத்தி, செம்போத்து, மைனா, தவிட்டுக்குருவி, வாலாட்டி, ஆந்தை.” கொஞ்சம் நின்றார். விரல் மடக்கினார். “காடை, கௌதாரி, கழுகு. கிளி. காக்கையைச் சொன்னேனா?” மணி அடித்தது. பதினைந்து.

நேரம் முடிந்துவிட்டது அப்பா என்றேன்.

“இரு, உள்ளானைச் சொல்லவில்லையே” என்றார்.